கிங்ஸ்னேக் குட்டி கடிக்கிறது: பயத்திலா, பசியிலா?

வாங்கி வந்த நான்காம் நாள் எங்கள் கிங்ஸ்னேக் பாம்புக் குட்டி என் கட்டைவிரலைக் கடித்தது. பத்து கிராம் தேறுமா என்பதே சந்தேகம், அப்படி ஓர் உயிர். பென்சில் தடிமன், ஓரடிக்குச் சற்றுக் குறைவான நீளம். குண்டூசி குத்தியது போல இருந்தது, அவ்வளவுதான். ஆனால் நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்த மகள் இறங்கி ஓடிவந்தாள். அன்று அது கடித்தது பயத்தில். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் கடித்தது. அது பசியில்.

இரண்டும் கடிதான். ஆனால் ஒன்றுக்குச் செய்யவேண்டியதை இன்னொன்றுக்குச் செய்தால் நிலைமை மோசமாகும். இது பிடிபடாமல் நான் சில மாதங்களை வீணடித்தேன். அமெரிக்காவில் டாலஸ் பக்கம் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் இப்போது இரண்டு மூன்று வீடுகளில் பிள்ளைகள் பாம்பு கேட்டு அடம்பிடிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதிவைப்பது மேல் என்று தோன்றியது.

நான் சொல்வது கலிஃபோர்னியா கிங்ஸ்னேக் பற்றி. அமெரிக்காவின் மேற்குப் பகுதியையும் மெக்சிகோவின் வடமேற்கையும் சேர்ந்த பாம்பு. கருப்பு அல்லது பழுப்பு உடலில் வெள்ளைப் பட்டைகள், சிலவற்றில் முதுகோடு தலைமுதல் வால்வரை ஒரே கோடு. வளர்ந்தால் மூன்றிலிருந்து நான்கு அடி. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் இருக்கும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மகள் கல்லூரிக்குப் போனபிறகு அதன் தீனிக்கு உறைந்த எலியை உருக வைக்கப்போவது யார் என்பது எங்கள் வீட்டில் இப்போதே விவாதத்தில் இருக்கிறது.

ராஜநாகம் அல்ல, கட்டுவிரியனும் அல்ல

அம்மாவிடம் வீடியோ காலில் காட்டியபோது, "ராஜநாகத்தையா வீட்டுக்குள்ள வச்சிருக்க?" என்று பதறிவிட்டார். பெயர்க் குழப்பம். ராஜநாகம் கொடிய நஞ்சுள்ளது. கிங்ஸ்னேக்குக்கு நஞ்சு கிடையாது. இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். இரண்டுக்கும் 'ராஜா' பட்டம் வந்த காரணம் மட்டும் ஒன்றேதான்: இரண்டுமே மற்ற பாம்புகளைத் தின்பவை. வாலை ஆட்டிச் சத்தமெழுப்பும் நஞ்சுப் பாம்பான கிலுகிலுப்பை விரியனைக்கூட (rattlesnake) கிங்ஸ்னேக் தின்னும். அதன் நஞ்சைத் தாங்கும் சக்தி கிங்ஸ்னேக்கின் இரத்தத்திலேயே இருக்கிறது. பாம்பைத் தின்னும் பாம்பு என்பதால் ஒரு தொட்டியில் ஒன்றுக்கு மேல் வைக்கக் கூடாது. 'துணைக்கு இன்னொன்று' என்று நாய் பூனைக்கு நினைப்பது போல நினைத்தால், காலையில் தடித்த பாம்பு ஒன்றுதான் மிஞ்சும்.

இன்னொரு குழப்பம் விளையாட்டல்ல. கருப்பில் வெள்ளைக் கட்டுப்போட்ட பாம்பு என்றால் நம் ஊரில் அது கட்டுவிரியனாக இருக்கலாம். பகலில் தலையைச் சுருளுக்குள் மறைத்துக்கொண்டு சாதுவாகக் கிடக்கும். இரவில் கடித்தால் வலிகூடத் தெரியாது, ஆனால் ஆளைக் கொல்லும். இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ தோட்டத்தில் பார்த்த பாம்பிடம் முயன்று பார்க்காதீர்கள். இந்தியாவில் நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. சிங்கப்பூரில் பாம்பு வளர்ப்புக்கே அனுமதி இல்லை. அமெரிக்காவிலும் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுகிறது. ஹவாயில் எந்தப் பாம்பும் கூடாது. ஜார்ஜியாவில் அந்த மண்ணுக்குரிய நஞ்சில்லாத பாம்புகளையும் வளர்க்க முடியாது. வாங்கும் முன் உங்கள் மாநில விதியையும், வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தையும் படித்துவிடுங்கள்.

குட்டிகள் ஏன் இப்படி இருக்கின்றன

முட்டையிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்து கிங்ஸ்னேக் குட்டிக்குத் தாய் துணை கிடையாது. பருந்து, காகம், சிறு வேட்டை விலங்குகள், பெரிய தவளை, சொந்த இனத்துப் பெரிய பாம்பு என்று எல்லாமே அதைத் தின்னக் காத்திருக்கும். மேலிருந்து வரும் எந்த நிழலும் அதற்கு எமன்தான். அந்தக் கணக்கில் உங்கள் கை ஒரு பெரிய பருந்து. அது கோபக்காரப் பாம்பு அல்ல. சாகப்போகிறோம் என்று நினைக்கும் பாம்பு.

அந்தப் பயத்தை அது காட்டும் விதங்களை வரிசைப்படி தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் கடி என்பது கடைசிப் படி. முதலில் ஓடப் பார்க்கும். முடியாவிட்டால் உறைந்து நிற்கும், அல்லது தலையைச் சுருளுக்குள் புதைத்துக்கொள்ளும். அப்புறம் வாலை வேகமாக நடுக்கும். காய்ந்த சருகிலோ தொட்டிக்குள் போட்டிருக்கும் மரச்சீவலிலோ வால் பட்டு 'சர்ர்ர்' என்று சத்தம் வரும். முதல்முறை கேட்டபோது கிலுகிலுப்பை விரியனை மாற்றி எடுத்து வந்துவிட்டோமோ என்றே நினைத்தேன். அதற்கும் அடங்காவிட்டால் கழுத்துப் பகுதியை எஸ் வடிவில் பின்னுக்கு இழுத்துத் தலையைத் தூக்கி நிற்கும். கையில் எடுத்துவிட்டால் கழிவாயிலிருந்து ஒரு திரவத்தைப் பீய்ச்சி, மலத்தோடு சேர்த்து உங்கள் கையில் வளைந்து வளைந்து பூசும்.

அந்த நாற்றத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அழுகிய வெங்காயத்தில் துருப்பிடித்த இரும்பைத் தேய்த்தது போல என்று என் மகள் சொல்வாள். ஒருமுறை சோப்பு போட்டால் போகாது. சட்டையில் பட்டால் அந்தச் சட்டையைப் பாம்புக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். கடியைவிட இதற்குத்தான் புதியவர்கள் பதறிக் கையை உதறுகிறார்கள், குட்டி கீழே விழுகிறது.

முதல் இரண்டு வாரம்: தொடாதீர்கள்

இந்தக் கட்டுரையிலேயே கடைப்பிடிக்கக் கடினமான அறிவுரை இதுதான். பாம்பை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே நண்பர்களுக்குக் காட்ட வேண்டும் என்று கை பரபரக்கும். நான் முதல் நாளே எடுத்தேன், இரண்டாம் நாளும் எடுத்தேன். நான்காம் நாள் கடி வாங்கினேன். கணக்கு நேர்.

குட்டிக்குச் சின்னத் தொட்டி போதும். 10 கேலன் அளவே தாராளம். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று எனப் பாம்பு ஒளிந்துகொள்ள இரண்டு ஒளிவிடங்கள் வேண்டும். ஒளிவிடம் என்றால் உடம்பு நாலு பக்கமும் உரசும் அளவுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். விசாலமான அறை நமக்குத்தான் சுகம், பாம்புக்கு இடுக்குதான் சுகம். சூடான பக்கம் 85 முதல் 88 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 30 செல்சியஸ் சுமார். குளிர்ந்த பக்கம் எழுபதுகளின் நடுவில். அடியில் வைக்கும் சூட்டுத்தகட்டுக்கு, சூட்டை அளவாக வைத்திருக்கும் தெர்மோஸ்டாட் கட்டாயம். இல்லையென்றால் தகடு கொதித்துப் பாம்பின் வயிறு வெந்துபோகும். இடையில் செயற்கைச் செடி, காய்ந்த இலை, கழிப்பறைத் தாள் தீர்ந்தபின் மிஞ்சும் அட்டைக்குழல் என்று நிறையப் போட்டு அடைத்துவைத்தால், வெளியே வரவும் அதற்குத் தைரியம் வரும். வெட்டவெளியாக இருக்கும் தொட்டியில் வளரும் குட்டி எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும். கடிக்கிற பாம்பு என்று என்னிடம் காட்டப்பட்ட சில குட்டிகளுக்கு ஒளிவிடத்தை மாற்றியதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

மூடியை இறுகப் பூட்டுங்கள். பென்சில் நுழையும் சந்தில் குட்டி நுழைந்துவிடும். ஏன் இதில் இவ்வளவு கண்டிப்பு என்றால், ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் உள்ள கிரான் கனாரியாவில் வளர்ப்புப் பாம்புகளாகப் போன கலிஃபோர்னியா கிங்ஸ்னேக்குகள் வெளியே பெருகி, அந்தத் தீவுக்கே உரிய பெரிய பல்லியினத்தைப் பல இடங்களில் துடைத்தெடுத்துவிட்டன. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் கிங்ஸ்னேக்கை அயல் ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலில் சேர்த்தது. வளர்க்க முடியாவிட்டால் காட்டில் விடுவது கருணை அல்ல. மீட்பு மையத்திடமோ வேறு வளர்ப்பவரிடமோ ஒப்படைத்துவிடுங்கள்.

இந்த இரண்டு வாரத்தில் நீங்கள் செய்யவேண்டியது தண்ணீர் மாற்றுவதும், ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை எலிக்குட்டி கொடுப்பதும்தான். மயிர் முளைக்காத, இளஞ்சிவப்பாக இருக்கும் எலிக்குட்டியைப் பிங்கி என்பார்கள். உறைந்ததாகக் கடையில் கிடைக்கும். வெந்நீரில் உருகவைத்து நீண்ட இடுக்கியால் கொடுங்கள். குறைந்தது இரண்டு வேளையாவது ஒழுங்காகத் தின்று ஜீரணித்த பிறகுதான் கையில் எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். தின்ன மறுக்கும் குட்டியைத் தொடவே கூடாது.

எடுக்கும் நாள்

எடுக்க வேண்டாம் என்ற நாட்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தின்ற 48 மணி நேரத்துக்குள் வேண்டாம். வயிற்றில் எலியோடு அலைக்கழித்தால் கக்கிவிடும், அப்படிக் கக்கினால் பத்து நாளாவது வயிற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, முன்பைவிடச் சிறிய இரையாகக் கொடுக்க வேண்டும். கண்ணில் பால் படர்ந்தது போல நீலம் பூத்திருந்தால் சட்டை உரிக்கப்போகிறது என்று அர்த்தம். அப்போது பார்வை மங்கி, தோல் கூசி, எல்லாவற்றுக்கும் சீறும். சட்டை கழன்று விழும்வரை, ஒரு வாரம் பத்து நாள், விட்டுவிடுங்கள்.

சரி, நல்ல நாள். கையை வாசனையில்லாத சோப்பால் கழுவுங்கள். எலியைத் தொட்டிருந்தாலும், பூனையை வருடியிருந்தாலும், வேறு பாம்பைப் பிடித்திருந்தாலும் இது கட்டாயம். பாம்பு மோப்பம் பிடிப்பது நாக்கால். அதற்கு உங்கள் முகம் ஒரு பொருட்டே இல்லை, உங்கள் விரலின் மணம்தான் நீங்கள்.

தரையில் உட்காருங்கள், அல்லது கட்டிலில். நின்றுகொண்டு எடுக்காதீர்கள். துள்ளி விழுந்தால் ஓரடி உயரத்திலிருந்து விழட்டும், ஐந்தடியிலிருந்து வேண்டாம்.

ஒளிவிடத்தைத் தூக்கிவிட்டுப் பத்து நொடி காத்திருங்கள். பாம்பு உங்களைக் கவனிக்கட்டும். இப்போது கையை மேலிருந்து இறக்காமல், பக்கவாட்டில் தரையோடு ஒட்டிக் கொண்டுபோங்கள். தலைப்பக்கம் போகாமல் உடம்பின் நடுவில், வயிற்றுக்கு அடியில் விரல்களை நுழைத்து, அள்ளுவது போல எடுங்கள். தயங்கித் தயங்கி நீட்டுவதும் இழுப்பதுமாக இருந்தால் அது இன்னும் மிரளும். ஒரே சீரான அசைவாக இருக்க வேண்டும். வேகமும் வேண்டாம், தயக்கமும் வேண்டாம். கழுத்தைப் பிடிக்காதீர்கள். கழுத்தைப் பிடிப்பவை அதைத் தின்பவை மட்டும்தான்.

எஸ் வளைவில் நிற்கும் குட்டியிடம் விரல் நுனிகளை நீட்டினால் கவ்வ வசதியாக இருக்கும். விரல்களை மடக்கிப் புறங்கையைக் காட்டினால், தட்டையான இடத்தில் அந்தச் சின்ன வாய்க்குப் பிடிமானம் கிடைக்காது. கொத்தினாலும் மூக்கு இடித்ததோடு சரி. முக்கியமானது அதற்கு அப்புறம் நீங்கள் செய்வது. கையை வெடுக்கென்று இழுத்தால் 'கொத்தினால் பருந்து ஓடிவிடும்' என்று அது கற்றுக்கொள்ளும். அடுத்தமுறை இன்னும் சீக்கிரம் கொத்தும். அடித்த பாம்பு பழிவாங்கும் என்பது கட்டுக்கதை, ஆனால் எது பலித்தது என்பதைப் பாம்பு மறப்பதில்லை. கையை அப்படியே அசையாமல் வையுங்கள். கொத்துவதற்குப் பலன் இல்லை என்று தெரிந்தால் அலுத்துப்போய் அடங்கும்.

கையில் வந்தபிறகு ஓடத்தான் பார்க்கும். ஓட விடுங்கள், ஆனால் உங்கள் கைமேலேயே. கிணற்றில் கயிறு இழுப்பது போல ஒரு கை மாற்றி ஒரு கை முன்னால் வைத்துக்கொண்டே போனால், அது எவ்வளவு ஓடினாலும் உங்கள் மடியைத் தாண்டாது. இறுக்கிப் பிடித்து நிறுத்த நினைத்தால் அங்கேதான் நாற்றத் திரவம் வரும். இரண்டு மூன்று நிமிடத்தில் ஓட்டம் தளர்ந்து, நாக்கை நிதானமாக நீட்டி உங்கள் விரல்களை ஆராய ஆரம்பிக்கும். அந்த அமைதியான நேரத்தில்தான் தொட்டியில் திரும்ப விட வேண்டும். சீறும்போது கீழே வைத்தால் சீற்றத்துக்குப் பரிசு கொடுத்தது போல.

முதல் வாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், வாரத்தில் இரண்டு அல்லது மூன்று தடவை போதும். மெல்ல மெல்லப் பத்து, பதினைந்து நிமிடம் ஆக்கலாம். தினமும் ஒரு மணி நேரம் கையில் வைத்திருந்தால் சீக்கிரம் பழகும் என்று சிலர் சொல்வார்கள். நான் பார்த்தவரை அப்படி வைத்திருந்த குட்டிகள் தின்பதை நிறுத்தியதுதான் மிச்சம்.

தடித்த கையுறை பற்றிக் கேட்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. பத்து கிராம் உயிரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தோல் கையுறைக்குள் இருந்து தெரியாது. கடி வாங்கிவிடுவோம் என்ற பயம் உங்களுக்குத் தாங்க முடியாததாக இருந்தால் முதல் சில தடவைக்கு மெல்லிய துணிக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் கழற்றிவிடுங்கள்.

பசிக்கடி

இப்போது என்னை ஏமாற்றிய விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் மாதம் எங்கள் குட்டி மாறிவிட்டது. ஒளிவிடத்திலிருந்து தலையை நீட்டி நான் வருவதைப் பார்க்கும். கண்ணாடியோடு கூடவே நகர்ந்து வரும். மூடியைத் திறந்தால் நாக்கை விடாமல் துழாவிக்கொண்டு மேலே ஏறி வரும். "அப்பாவை அடையாளம் தெரியுது!" என்று மகள் குதித்தாள். எனக்கும் பெருமைதான். கையை மெதுவாக, அன்பாக நீட்டினேன். விரலை முகர்ந்துகொண்டே வந்தது, விரலின் ஓரத்தில் மூக்கை வைத்தது, சாவகாசமாக வாயைத் திறந்து கவ்வி, மென்று, விரலைச் சுற்றி உடம்பை முறுக்கிக்கொண்டது.

கொத்தவில்லை. வாலை ஆட்டவில்லை. சாப்பிட ஆரம்பித்தது.

நான் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டேன். பழகியது எல்லாம் கெட்டுவிட்டது என்று மூன்று வாரம் தொடாமல் விட்டேன். ஒரு கடைக்காரர் 'தீனியைக் குறைத்தால் அடங்கும்' என்றார், அதையும் செய்தேன். பசித்த பாம்பை மேலும் பட்டினி போட்டால் என்ன ஆகும்? மூடியைத் திறந்தாலே பாய்ந்து வந்தது.

வித்தியாசத்தைப் பாருங்கள். பயந்த பாம்பு உங்களிடமிருந்து விலகப் பார்க்கும், உடம்பைப் பின்னுக்கு இழுக்கும், கொத்தினால் மின்னல் வேகத்தில் கொத்தி உடனே விட்டுவிடும். பசித்த பாம்பு உங்களை நோக்கி வரும், நாக்கு வேகமாகத் துழாவும், பார்வை அசைவின் மீதே இருக்கும், கவ்வினால் விடாது, சுற்றும். கிங்ஸ்னேக்குக்கு இந்தப் பசிவெறி மற்ற வளர்ப்புப் பாம்புகளைவிட அதிகம். இறுக்கும் வலுவும் அப்படித்தான். இங்குள்ள எலிப்பாம்புகளைவிட கிங்ஸ்னேக்குகள் அதிக அழுத்தத்தோடு இறுக்குகின்றன என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு அளந்தே காட்டியது. குட்டி இறுக்கினால் விரலுக்கு ஒன்றும் ஆகாது, கவலை வேண்டாம்.

எனவே மருந்தும் நேர் எதிர். பயந்த குட்டியிடம் நிதானம், இடைவெளி, குறைந்த நேரம். பசித்த குட்டியிடம் அதே நிதானத்தோடு விரலை மூக்கருகே வைத்திருந்தால் தட்டில் சோறு போட்டு வைத்தது போலத்தான். அதற்கு ஒரு சைகை தேவை. நான் பயன்படுத்துவது கழிப்பறைத் தாளின் அட்டைக்குழல். கையில் எடுக்கும் நாட்களில் எல்லாம் முதலில் அந்தக் குழலால் மூக்கையும் கழுத்தையும் மெதுவாகத் தொட்டு ஒதுக்குவேன். 'இது சாப்பாட்டு நேரம் இல்லை' என்று பொருள். இரண்டு மூன்று தொடலில் அந்தத் துழாவல் நின்று, தலை பின்னால் போகும். அந்த நொடியில் நடுவுடம்பைப் பிடித்துச் சுறுசுறுப்பாக எடுத்துவிட வேண்டும். தீனி நாட்களில் குழல் கிடையாது, இடுக்கி மட்டும். ஆறேழு வாரத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. குழலைக் கண்டாலே வேறு பாம்பாகிவிடுகிறது.

தீனியையும் சரிசெய்யுங்கள். பாம்பின் உடம்பில் மிகத் தடிமனான இடம் எவ்வளவோ, அதே அளவு அல்லது சற்றே தடித்த எலி. வளர வளர எலியின் அளவும் வளர வேண்டும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி மாதம் இருமுறை எடை குறித்துவையுங்கள். நான் இரண்டு மாதம் ஒரே அளவு பிங்கியே கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பதை அந்தக் குறிப்புதான் காட்டிக்கொடுத்தது.

தொட்டிக்குள்ளேயே தீனி போட்டால் கையைப் பார்த்தாலே கடிக்கும், அதனால் தனிப்பெட்டிக்கு மாற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று பழைய வளர்ப்பாளர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தின்ன வெறியோடு இருக்கும் பாம்பைக் கையால் தூக்கி மாற்றுவதும், வயிறு நிறைந்த பாம்பை மறுபடி தூக்குவதும்தான் அதில் நடக்கிறது. சைகை தெளிவாக இருந்தால் தொட்டியே போதும்.

கவ்விவிட்டால்

இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் உங்கள் தோலும் கிழியும், அதன் பல்லும் உடையும். பயக்கடி என்றால் நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் விட்டிருக்கும். பசிக்கடி என்றால் குளிர்ந்த குழாய்த் தண்ணீரை மெல்லிய தாரையாகத் திறந்து அதன் வாயருகே காட்டுங்கள். பெரும்பாலும் விட்டுவிடும். விடாவிட்டால் கை சுத்தப்படுத்தும் சானிடைசர் ஒரு சொட்டு, வாயின் ஓரத்தில். கண்ணிலோ மூக்கிலோ படக்கூடாது. சுற்றிய உடம்பை வால் பக்கத்திலிருந்து பிரியுங்கள். பிறகு சோப்பு போட்டுக் கழுவினால் போதும். சிவந்து வீங்கினால் மருத்துவரைப் பாருங்கள்.

கடிக்காவிட்டாலும் ஒவ்வொருமுறையும் கை கழுவவேண்டும். ஊர்வன எல்லாவற்றின் மேலும் சால்மோனெல்லாக் கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பாம்பையோ தொட்டியையோ தொடக்கூடாது. வீட்டில் கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருந்தால் இன்னும் கவனம். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். எங்கள் வீட்டில் இது ஒன்றுக்காகவே ஒரு சண்டை நடந்தது.

பெரிய பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது முதலில் நீங்கள் எடுத்து, ஓட்டம் அடங்கிய பிறகு அவர்கள் கைக்கு மாற்றுங்கள். முகத்தருகே கொண்டுபோக வேண்டாம் என்பதைத் தொட்டிமேல் எழுதியே ஒட்டிவிட்டோம்.

எப்போது அடங்கும்

பெரும்பாலான குட்டிகள் சில மாதங்களில் சீறலை விட்டுவிடுகின்றன. ஒரு வயது நெருங்கும்போது, தன்னைத் தின்ன வருபவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று உடம்பே சொல்லிவிடும் போல. பசிவெறி மட்டும் போகாது, அது அதன் குணம். சில குட்டிகள் எவ்வளவு செய்தாலும் கையில் இருக்கப் பிடிக்காதவையாகவே வளரும். அவற்றைக் கண்ணாடி வழியாகப் பார்த்து ரசிக்கலாம், மீனைப் பார்ப்பது போல. நன்றாகப் பழகிய பாம்பு திடீரென்று மாறினால் குணத்தைப் பழிக்காமல் உடம்பைப் பாருங்கள். வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா, மூக்கில் குமிழ் வருகிறதா, செதில்களுக்கிடையில் கருப்புப் புள்ளியாக உண்ணி ஊர்கிறதா, பழைய சட்டை கண்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று. எதுவாக இருந்தாலும் ஊர்வனவுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். நாய் பூனை மட்டும் பார்ப்பவர்களிடம் பாம்பைக் கொண்டுபோனால் அவர்களுக்கும் சிரமம்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். கிங்ஸ்னேக்கின் நெருங்கிய உறவில் 'மில்க்ஸ்னேக்' என்று ஒன்று உண்டு. மாட்டுக்கொட்டகையில் எலி பிடிக்க வரும் அதைப் பார்த்து, பசுவின் மடியில் பால் குடிக்க வருகிறது என்று இங்குள்ள விவசாயிகள் நம்பியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் சாரைப்பாம்பைப் பற்றி ஆயா சொன்ன அதே கதை. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப உன் பாம்புக்குப் பால் ஊத்துறியா?" என்றார். தண்ணீர் மட்டும்தான் அம்மா, தண்ணீரும் எலியும்.

எங்கள் குட்டிக்கு இப்போது பதினான்கு மாதம். நேற்று எடுத்தபோது என் சட்டைக் கைக்குள் நுழைந்து முழங்கைவரை போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது. அதை வெளியே எடுக்க இருபது நிமிடம் ஆனது.